அல்சரேட்டிவ் கொலைட்டிஸா, க்ரோன்ஸா, குடல் டிபியா? வகை பிரித்தறிவது பற்றி

நெய்தல்

கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமரா விட்டுக் குடலுக்குள் பார்க்கும் ஸ்கோப்) முடிந்ததும் ரிப்போர்ட்டில் "ஐபிடி" என்று மூன்று எழுத்து போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஐபிடி என்றால் நாள்பட்ட குடல் அழற்சி நோய்; அதற்குள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் என்று இரண்டு பெரிய வகை இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தவர்களும் "ரெண்டுக்கும் ஒரே மருந்துதானே, பிரித்து என்ன ஆகப் போகிறது?" என்கிறார்கள். வகை மாறினால் மருந்திலும் அறுவை சிகிச்சையிலும் சாப்பாட்டிலும் எது மாறும்? நம் நாட்டில் டிபி ஏன் நடுவில் வந்து நிற்கிறது? துறையில் இருப்பவர்கள் விவரமாக எழுதுங்கள்.

வயிற்றியல்

முதலில், இதே போல வயிற்று வலியும் பேதியும் தரும் ஐபிஎஸ்ஸை (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) ஒதுக்கிவிடலாம். அதில் குடலில் புண் கிடையாது. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, காரணம் தெரியாத எடைக்குறைவு, ரத்தசோகை, காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று முடிவு கட்டக்கூடாது.

இனி இரண்டு வகைக்கு வருவோம். புண் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற இரண்டு கேள்விக்குள் பெரும்பாலான வேறுபாடு அடங்கிவிடும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் படரும். சிலருக்கு மலக்குடலோடு நிற்கும், சிலருக்கு இடப்பக்கக் குடல் வரை, சிலருக்குப் பெருங்குடல் முழுக்க. சிறுகுடலுக்குள் போகாது. குடற்சுவரின் உள்பக்கச் சவ்வை மட்டுமே தின்னும். அதனால்தான் ரத்தமும் சளியும் கலந்த மோஷன், அடக்க முடியாத அவசரம், போய் வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற முக்கல் எல்லாம் வருகின்றன.

க்ரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். அதிகம் பிடிக்கும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. ஒரு இடத்தில் புண், அடுத்து நல்ல குடல், மறுபடி புண் என்று விட்டு விட்டு இருக்கும். சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும். ஆழமாகப் போவதால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும், சீழ்க்கட்டி வரும், பக்கத்துக் குடலுக்கோ மூத்திரப்பைக்கோ தோலுக்கோ துளை விழும். வலது அடிவயிற்று வலி, சாப்பிட்டபின் வயிறு உருட்டிப் பிடிப்பது, மெலிவு, அவ்வப்போது காய்ச்சல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். ரத்தமே போகாமலும் இருக்கலாம். குழந்தைகளில் உயரம் ஏறாமல் நின்றுபோவது மட்டுமே முதல் அடையாளமாக இருப்பதுண்டு.

1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இதை எழுதியபோது சிறுகுடல் கடைசிப் பகுதியின் நோயாகவே பார்த்தார்கள். பெருங்குடலிலும் அதே நோய் வரும் என்பது 1960-ஐ ஒட்டித்தான் நிலைபெற்றது. இன்றைக்கும் பெரிய குழப்பம் அங்கேதான்: பெருங்குடலில் மட்டும் வரும் க்ரோன்ஸ், மேலோட்டமாகப் பார்த்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போலவே தெரியும். பெருங்குடல் நோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு முதல் சுற்றில் வகை சொல்ல முடியாமல் போகிறது. "வகை உறுதியாகவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம். அதுவும் நேர்மையான ஒரு முடிவுதான்.

திசுக்கண்ணாடி

அந்தப் பத்தில் ஒன்று தேவையில்லாமல் கூடுவது பயாப்ஸிக்குத் திசுத் துண்டு எடுக்கும் விதத்தால். மலக்குடல், சிக்மாய்டு, இடது, குறுக்கு, வலது என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் குறைந்தது இரண்டு துண்டு வேண்டும், சிறுகுடல் கடைசிப் பகுதியிலிருந்தும் இரண்டு. நல்லதாகத் தெரியும் இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். மிக முக்கியம், ஒவ்வொன்றும் தனித்தனி பாட்டிலில், இடத்தின் பெயர் எழுதி வர வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு "கோலன் பயாப்ஸி" என்று அனுப்பினால், அழற்சி தொடர்ச்சியாக இருக்கிறதா விட்டு விட்டு இருக்கிறதா என்று ஸ்லைடு பார்ப்பவரால் சொல்லவே முடியாது. வகை பிரிக்கப் பயன்படும் தகவல் அந்த பாட்டிலிலேயே தொலைந்துவிடுகிறது.

ஏமாற்றும் இடங்கள் சில இருக்கின்றன. எனிமா மருந்து வைத்துக்கொண்டிருப்பவருக்கு மலக்குடல் ஆறி இருக்கும். "மலக்குடல் நன்றாக இருக்கிறது, ஆகவே க்ரோன்ஸ்" என்று எழுதிவிடுவார்கள். இடப்பக்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் குடல்வால் வாயைச் சுற்றி மட்டும் தனியாக ஒரு அழற்சித் திட்டு இருக்கலாம். அது விட்டு விட்டு வரும் க்ரோன்ஸ் ஆகாது. பெருங்குடல் முழுக்கப் புண் உள்ளவருக்குச் சிறுகுடல் நுனியில் லேசான சிவப்பு இருந்தாலும் அப்படித்தான்.

கிரானுலோமா (அழற்சி அணுக்கள் கூடிய சின்ன முடிச்சு) பற்றி ஒரு வார்த்தை. க்ரோன்ஸ் உள்ளவர்களில் பெரும்பாலோர் பயாப்ஸியில் அது கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் க்ரோன்ஸ் இல்லை என்றாகாது. மறுபுறம், உடைந்த சுரப்பிக் குழியை ஒட்டி ஒரு சின்ன கிரானுலோமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் வரும். அதை மட்டும் வைத்து வகையை மாற்றக்கூடாது.

பயாப்ஸி சீட்டில் எழுதி அனுப்ப வேண்டியவை: எத்தனை வாரமாகத் தொந்தரவு, ஸ்டீராய்டோ எனிமாவோ ஓடுகிறதா, முன்பு டிபி மருந்து சாப்பிட்டாரா, வலி மாத்திரைப் பழக்கம் உண்டா. நோய் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தால் சுரப்பிகளின் வடிவம் இன்னும் குலைந்திருக்காது, கிருமித் தொற்று போலவே தோன்றும். இந்த ஒரு வரி இல்லாமல் சரியான ரிப்போர்ட் தர முடியாது.

குறிஞ்சி

வார்டிலும் ஓபியிலும் திரும்பத் திரும்பக் காண்கிற இரண்டு விஷயம்.

ஒன்று, மோஷனில் ரத்தம் என்றதும் மூலம் என்று களிம்பு கொடுப்பது. மூல ரத்தம் பெரும்பாலும் மலத்தின் மேலே சொட்டும் அல்லது வழியும், பளிச்சென்ற சிவப்பு. ரத்தம் மலத்தோடு கலந்து, சளியும் சேர்ந்து, நாளைக்கு நாலைந்து தடவை போனால் அது மூலம் என்று விட்டுவிடக் கூடாது. அதேபோல் பௌத்திரம் ஆபரேஷன் செய்து மறுபடி மறுபடி வந்தால், அல்லது ஒன்றுக்கு மேல் வாய் இருந்தால், அடுத்த கத்திக்கு முன் க்ரோன்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அப்படிச் சிக்கலான பௌத்திரம் வருவது வழக்கமில்லை.

இரண்டு, மல கேல்ப்ரொடெக்டின் டெஸ்ட், அதாவது குடல் அழற்சியில் மலத்தில் ஏறும் ஒரு புரதத்தின் அளவு. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. 250-க்கு மேல் என்றால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் சாப்பிட்டாலும், சாதாரண வயிற்றுப்போக்குத் தொற்றிலும் இது ஏறும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸா க்ரோன்ஸா டிபியா என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முடியாது.

நெய்தல்

நன்றி குறிஞ்சி. ரத்தத்தில் ஆஸ்கா, பி-ஆங்கா என்று எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) டெஸ்ட் எழுதுகிறார்களே, அது வகையைச் சொல்லிவிடாதா? டிபி பற்றியும் வயிற்றியல் சார் எழுத வேண்டும்.

வயிற்றியல்

ஆஸ்கா பாசிட்டிவ் என்றால் க்ரோன்ஸ் என்ற கணக்கு, டிபி அரிதான நாடுகளில் ஓரளவு ஓடும். குடல் டிபி உள்ளவர்களுக்கும் அது பாசிட்டிவாக வருகிறது. ஆகவே இந்தியாவில் யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களிடத்திலேயே கைவிட்டுவிடும். காசைச் சேர்த்துவைத்து நல்ல ஸ்கேனுக்குச் செலவிடலாம்.

டிபியும் க்ரோன்ஸும் ஒரே இடத்தை விரும்புகின்றன: சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் சந்தி. இரண்டிலும் வலி, மெலிவு, காய்ச்சல், அடைப்பு. ஸ்கோப்பில் பார்க்கும்போது குடலைச் சுற்றி வளையமாக ஓடும் குறுக்குப் புண், சிதைந்து வாய் பிளந்து நிற்கும் வால்வு என்றால் டிபி பக்கம் சாயலாம். குடலின் நீளவாக்கில் ஓடும் புண், வாய்ப்புண் போன்ற சின்னச் சின்ன ஆஃப்தஸ் புண்கள், கூழாங்கல் பாவியது போன்ற தோற்றம், பல பகுதிகளில் நோய், ஆசனவாய்ப் புண் இவை க்ரோன்ஸ் பக்கம். சிடி என்ட்ரோகிராஃபியில் (சிறுகுடலைத் துலக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன்) நடுவில் அழுகிய பெரிய நிணநீர்க் கணுக்கள் தெரிந்தால் டிபி மிக வலுவாகிறது. வயிற்றில் நீர் கோத்திருப்பதும் டிபிக்கே சாதகம்.

பயாப்ஸியை ஃபார்மலினில் மட்டும் போட்டு அனுப்புவது இங்கே நடக்கும் அடுத்த தவறு. டிபி கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) தனித் துண்டுகள், சலைனில், அன்றைக்கே போக வேண்டும். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது. ஜீன்எக்ஸ்பர்ட் பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று சொல்ல முடியாது. குடல் திசுவில் கிருமி எண்ணிக்கை குறைவு. நெஞ்சு எக்ஸ்ரே நார்மலாக இருப்பதும், மாண்டூ (டிபிக்கான தோல் ஊசி டெஸ்ட்) பாசிட்டிவாக இருப்பதும் தனியாக எதையும் முடிவு செய்யாது.

இத்தனைக்கும் பிறகும் சிலருக்குப் பிடிபடாது. அப்போது டிபி மருந்து கொடுத்து, இரண்டாம் மாத முடிவில் மறுபடி ஸ்கோப் போட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதே வழி.

திசுக்கண்ணாடி

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும் சார். "டிபி மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று தொடங்குகிறார்கள், இரண்டாம் மாத ஸ்கோப்பை விட்டுவிடுகிறார்கள். ஆள் கொஞ்சம் தெம்பாகத் தெரிகிறார், அப்படியே ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று மருந்து ஓடுகிறது. அதற்குள் க்ரோன்ஸ் புண் தழும்பாகிச் சுருங்கி, ஆபரேஷனில் போய் நிற்கிறது.

வயிற்றியல்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். காய்ச்சல் விட்டது, பசி எடுக்கிறது என்பதை வைத்து டிபி என்று முடிவு கட்டக்கூடாது. க்ரோன்ஸ் உள்ளவர்களுக்கும் டிபி மருந்தில் தற்காலிகமாகத் தெம்பு வரும். புண் ஆறியதா என்பது ஒன்றே சாட்சி. ஸ்கோப்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருந்து தொடங்கும் முன்பும் இரண்டு மாதம் கழித்தும் கேல்ப்ரொடெக்டினும் சிஆர்பியும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் டெஸ்ட்) பார்த்து, இறங்குகிறதா என்றாவது கவனிக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மருந்துக்கு அடங்காத டிபியா, க்ரோன்ஸா என்று உடனே திரும்ப யோசிக்க வேண்டும்.

எதிர்த்திசைத் தவறு இன்னும் ஆபத்தானது. டிபியை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டோ, நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியோ கொடுத்தால் டிபி உடல் முழுக்கப் பரவும். சந்தேகம் தீராதபோது டிபி பக்கம் நின்று தொடங்குவதற்குக் காரணம் இதுதான். பெருங்குடல் நோயாக இருந்தால் அமீபாத் தொற்றும் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் ஸ்டீராய்டைத் தொட வேண்டும். அமீபா புண் மேல் ஸ்டீராய்டு விழுந்தால் குடல் ஓட்டையாகும்.

மாத்திரைப்பெட்டி

வகை பிரிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு மருந்துப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

மெசலமைன் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு முதுகெலும்பு. நாளைக்கு 2.4 முதல் 4.8 கிராம் வரை, ஒரே வேளையாகவே எடுக்கலாம். க்ரோன்ஸில் அதற்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் வருடக்கணக்கில் க்ரோன்ஸுக்கு அதையே கொடுத்துக்கொண்டிருக்கும் சீட்டுகள் இன்னும் வருகின்றன. மருந்து பாதுகாப்பானது என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை, உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மலக்குடலில் மட்டும் நோய் என்றால் மாத்திரையை விட 1 கிராம் சப்போசிட்டரி நன்றாக வேலை செய்யும். ராத்திரி மோஷன் போய்விட்டு வந்து வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். அது மலக்குடலைத் தாண்டாது. இடப்பக்கக் குடல் வரை நோய் இருந்தால் எனிமாவும் மாத்திரையும் சேர்த்து: எனிமாவைக் கைச்சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, இடது பக்கம் சரிந்து, வலது முழங்காலை மடக்கி, மெதுவாக உள்ளே விட்டு அரை மணி நேரமாவது அப்படியே கிடக்க வேண்டும், ராத்திரி முழுக்க நின்றால் உத்தமம். நோய் கடுமையாக இருக்கும் முதல் சில நாள் நிற்காமல் வெளியே வந்துவிடும். அதற்காக விட்டுவிட வேண்டாம், நாள் போகப்போகக் குடல் தாங்கும். மாத்திரையை நசுக்கவோ உடைக்கவோ கூடாது, உறை உடைந்தால் மேலேயே கரைந்துவிடும். சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின் வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

சல்ஃபசலசின் விலை குறைவு, மூட்டு வலி சேர்ந்திருந்தால் நல்ல தேர்வு. ஃபோலிக் ஆசிட் கூடவே வேண்டும். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் திரும்பிவிடும். கல்யாணமான பையன்களுக்கு இதைச் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

ஸ்டீராய்டு இரண்டு வகையிலும் தீயை அணைக்க மட்டும். ப்ரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 5 குறைத்து எட்டு வாரத்தில் முடிப்பது வழக்கம். 10-க்குக் கீழே இறக்க முடியவில்லை என்றால் அடுத்த மருந்துக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. சிறுகுடல் சந்தி க்ரோன்ஸ் லேசாக இருந்தால் ப்யூடசோனைடு 9 மில்லிகிராம் போதும், முகவீக்கம் குறைவு.

நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் என்று புத்தகம் சொல்லும். நம்மவர்களில் கணிசமான பேருக்கு நட்-15 மரபணுவில் மாற்றம் உண்டு. அவர்களுக்குச் சாதாரண டோஸிலேயே வெள்ளணு சரிந்துவிடும். 50 மில்லிகிராமில் தொடங்கி, முதல் மாதம் வாரா வாரம் ரத்த அணு எண்ணிக்கை, அடுத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் கொடுங்கள். யூரிக் ஆசிடுக்கு அலோப்யூரினால் சாப்பிடுகிறவர் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை அடங்கிப்போகும்.

நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மாத்திரையான டோஃபாசிடினிப் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பலன் தரும், க்ரோன்ஸில் தரவில்லை. இன்ஃப்ளிக்சிமாப் இரண்டுக்கும் ஆகும்: கிலோவுக்கு 5 மில்லிகிராம், 0, 2, 6 வாரங்களில், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை. முன்னதாக டிபி, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பார்க்க வேண்டும். டிபி டெஸ்ட் நெகட்டிவ் ஆனவர்களுக்கும் பிறகு டிபி வரும் நாடு இது. ஊசி ஓடும்போது சாயங்காலக் காய்ச்சல், இருமல், எடைக்குறைவு வந்தால் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது ஸ்டீராய்டின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், டோஃபாசிடினிப்பும் அப்படியே.

குறிஞ்சி

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் எப்போது வீட்டில் இருக்கக்கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மோஷன் போய், கூடவே நாடி 90-க்கு மேல், அல்லது காய்ச்சல் 100-க்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ், அல்லது அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் ரத்த டெஸ்ட் 30-க்கு மேல் இருந்தால் அட்மிஷன். ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955-இல் தந்த கணக்கு, இன்றும் அதுதான் ஓடுகிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஆறு மணிக்கொரு முறை நரம்பில் போகும். மூன்றாம் நாள் கணக்குப் பார்க்க வேண்டும்: அன்றும் எட்டு தடவைக்கு மேல் போனாலோ, மூன்று முதல் எட்டுத் தடவை போய் சிஆர்பி 45-க்கு மேல் இருந்தாலோ ஸ்டீராய்டு வேலை செய்யவில்லை. இன்ஃப்ளிக்சிமாபா, சைக்ளோஸ்போரினா, ஆபரேஷனா என்ற பேச்சு அன்றே தொடங்க வேண்டும். சர்ஜன் முதல் நாளே வந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டார் அதிகம் பதறுவது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் ஊசிக்கு. "ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது இது எதற்கு?" என்பார்கள். கடும் அழற்சியில் கால் நரம்பிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் ஆபத்து பெரிது, அந்த ஊசியால் குடல் ரத்தப்போக்கு கூடுவதில்லை. நிதானமாக உட்கார்ந்து விளக்க வேண்டிய விஷயம் இது. பேதியை நிறுத்தும் லோபிரமைடு, வலி ஊசி கேட்டுப் போடச் சொல்ல வேண்டாம். குடல் ஊதிவிடும்.

வயிற்றியல்

அறுவை சிகிச்சையில் வேறுபாடு இன்னும் தெளிவு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுக்க எடுத்தால் குடல் நோய் முடிந்தது. சிறுகுடலில் பை தைத்து ஆசனவாயோடு இணைக்கலாம்; நாளைக்கு ஐந்தாறு தடவை மோஷன் போகும், வயிற்றில் நிரந்தரப் பை வேண்டியதில்லை. க்ரோன்ஸில் வெட்டி இணைத்த இடத்திலேயே மறுபடி வரும். ஆகவே குறைந்தபட்சம் வெட்டுவது, முடிந்தால் சுருக்கத்தை மட்டும் விரிப்பது, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஸ்கோப் போட்டு இணைப்பைப் பார்ப்பது. க்ரோன்ஸை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று நினைத்துப் பை தைத்துவிட்டால், அந்தப் பையில் துளையும் சீழும் வந்து கடைசியில் எடுக்க வேண்டிவரும்.

புகை: க்ரோன்ஸ் உள்ளவர் பீடியோ சிகரெட்டோ விடாவிட்டால் எந்த மருந்தும் முழுப் பலன் தராது. பெருங்குடலில் நோய் உள்ளவர்கள் எட்டாம் ஆண்டிலிருந்து புற்றுநோய்க் கண்காணிப்பு ஸ்கோப்புக்கு வர வேண்டும். பித்தக்குழாய்ச் சுருக்க நோயும் சேர்ந்திருந்தால் கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடா வருடம். மலக்குடலோடு நின்ற நோய்க்கு இது தேவையில்லை.

அகப்பை

சாப்பாட்டுக்கு வருகிறேன். க்ரோன்ஸில் குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால் நார் கட்டாயம் குறைய வேண்டும்: முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, பலாச்சுளை, சோளம், கொய்யா விதை, ஆரஞ்சுத் தோலிச் சவ்வு, மெல்லாமல் விழுங்கும் தேங்காய்ச் சில்லு. இவை சுருக்கத்தில் போய்ச் சிக்கி ராத்திரியில் அடைப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். குழைத்த சாதம், இட்லி, இடியாப்பம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு, மீன், முட்டை, நன்கு வெந்த சுரைக்காய், பூசணி போகும்.

சுருக்கம் இல்லாதவருக்கும், அடங்கியிருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் இதே தடையைப் போடுவது தவறு. "தயிர்சாதம் மட்டும்" என்று வருடக்கணக்கில் சாப்பிட்டு எலும்பும் தோலுமாக வருகிறார்கள். பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள், எல்லாருக்கும் நிறுத்த வேண்டியதில்லை. குழந்தைகளின் க்ரோன்ஸில் ஆறு முதல் எட்டு வாரம் திரவ ஊட்ட உணவு மட்டுமே கொடுப்பது ஸ்டீராய்டுக்கு ஈடான சிகிச்சை, வளர்ச்சியும் தடைபடாது.

சிறுகுடல் கடைசிப் பகுதியை 20 சென்டிமீட்டருக்கு மேல் எடுத்தவருக்கு பி12 வாய்வழியாகச் சரியாக ஏறாது. 1000 மைக்ரோகிராம் ஊசி வழக்கமாக வேண்டும். அழற்சி அதிகமாக ஓடும்போது இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டும், ஏறவும் ஏறாது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே என்றால் நரம்பு வழி இரும்பு.

நெய்தல்

கடைசியாக ஒன்று. கர்ப்பமாக இருக்கும்போது மருந்தை நிறுத்திவிடுகிறார்களே?

மாத்திரைப்பெட்டி

மெசலமைன், அசாதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் தொடரலாம். நோய் கிளம்பினால்தான் குறைப்பிரசவத்துக்கும் எடைகுறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் கருத்தரிக்க முயல்வதற்குச் சில மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும். டோஃபாசிடினிப்பும் கூடாது.

தாய்க்கு இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அதே வகை ஊசியான அடாலிமுமாப் கடைசி மாதங்களில் போயிருந்தால் அது குழந்தையின் ரத்தத்திலும் சில மாதம் இருக்கும். நம் ஊரில் பிசிஜி பிறந்த உடனே போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி, இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்தாகலாம். குறைந்தது ஆறு மாதமாவது, இன்ஃப்ளிக்சிமாப் என்றால் ஒரு வருடம் வரை, தள்ளிப்போட வேண்டும். எப்போது போடலாம் என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்வார். பிரசவ அறையில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே பிரசவ ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் எழுதி, "பிசிஜி இப்போது வேண்டாம்" என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.